பீபாம்: வருஷா வருஷம் திரும்பி வரும், ஆனால் அதே இடத்தில் அல்ல

பீபாம் என்ற பூச்செடியை வாங்கி வைத்தவர்கள் மூன்றாவது வருஷம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பல்லாண்டுச் செடி என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், அப்புறம் ஏன் நடுப்பகுதி மட்டும் காய்ந்து மொட்டையாகிவிட்டது?" செடி செத்துப்போகவில்லை, நீங்கள் எதையும் கெடுக்கவும் இல்லை. அது வளரும் விதமே அப்படித்தான். அந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எவ்வளவு இடைவெளி விடுவது, எப்படித் தண்ணீர் ஊற்றுவது, நோய் ஏன் வருகிறது, எப்போது தோண்டிப் பிரிப்பது என்று மற்ற எல்லாமே விளங்கிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது வட அமெரிக்காவின் சொந்தச் செடி. சென்னைக்கோ மதுரைக்கோ இது ஏற்றதல்ல. டொராண்டோ, நியூ ஜெர்சி, சிகாகோ போல பனி விழும் ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் வைத்திருந்து, அதில் தக்காளியும் கத்தரியும் பாகலும் போடும் நம் ஆட்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பல்லாண்டுச் செடி என்றதும் ஊரில் இருந்து வந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது மல்லிகை, செம்பருத்தி, முருங்கை. வருஷம் முழுக்க இலையோடு நிற்கும், வெட்டினால் துளிர்க்கும். குளிர் நாட்டில் அந்தச் சொல்லுக்கு நடைமுறை வேறு. அங்கே பீபாம் போன்ற செடிகள் அக்டோபர், நவம்பரில் தரைக்கு மேலே முழுவதுமாகக் கருகிவிடும். பார்த்தால் ஒன்றுமே மிச்சமில்லை என்றுதான் தோன்றும். மண்ணுக்குள் வேர் மட்டும் உறைபனியிலும் உயிரோடு இருந்து ஏப்ரல் வாக்கில் புதிதாகத் தளிர் விடும். நம் மிளகாய்ச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள், ஊரில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வருஷம் காய்க்கும், டொராண்டோவில் முதல் உறைபனியிலேயே வேரோடு போய்விடும். ஆக, ஒரு செடி பல்லாண்டுச் செடியா இல்லையா என்பதை அந்த ஊர்க் குளிரும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்து நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்து வரைபடம் போட்டிருக்கிறது. சிவப்புப் பீபாம் 4 முதல் 9 வரையிலான மண்டலங்களில் வாழும். நான்காம் மண்டலம் என்றால் மைனஸ் 34 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடிய இடம், எனவே உங்கள் ஊர்க் குளிரில் இது பட்டுப்போய்விடுமோ என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை.

சரி, வேருக்கு வருவோம். பீபாம் புதினா குடும்பம். துளசியும் கற்பூரவல்லியும் அதே குடும்பம்தான். தண்டைத் தொட்டுப் பாருங்கள், உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக இருக்கும், இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். புதினாவைப் போலவே இதற்கும் தரைக்குக் கீழே படுக்கைவாக்கில் ஓடும் தண்டு உண்டு. பள்ளிப் புத்தகத்தில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்போமே, அது. அந்தத் தண்டு ஆழமாகப் போகாது, மண்ணின் மேற்பரப்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஊர்ந்துகொண்டே போய் ஒவ்வொரு வருஷமும் புது இடத்தில் தளிர் விடும். நடுவில் இருக்கும் பழைய தண்டுகள் கட்டையாகி, மண்ணின் சத்தும் தீர்ந்து, இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்ந்துவிடும். உயிர் எல்லாம் ஓரத்தில்தான். நீங்கள் முதல் வருஷம் நட்ட குழியில் நான்காம் வருஷம் ஒன்றும் இல்லாமல், சுற்றிலும் ஒன்றரை அடி தள்ளி வளையமாகச் செடி நிற்பது இதனால்தான்.

வேர் மேலோட்டமாக இருப்பதால் இரண்டு விளைவுகள். ஒன்று நல்லது: வேண்டாத இடத்துக்கு வந்த கிளையைக் கையால் பிடித்து இழுத்தாலே வந்துவிடும், புதினாவோடு மல்லுக்கட்டுவது போல மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று கவனிக்க வேண்டியது: மேல்மண் காய்ந்தால் உடனே தவிக்கும். பின்னால் நோய் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

எந்த இனம் என்று தெரிந்து வாங்குவது அவசியம். மொனார்டா என்ற பேரினத்தில் ஏறக்குறைய 20 இனங்கள் உண்டு, எல்லாமே வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. வீட்டுத் தோட்டத்துக்கு வருபவை முக்கியமாக இரண்டு. மொனார்டா டிடிமா என்பது சிவப்புப் பூ, 2 முதல் 4 அடி உயரம், இயல்பில் கிழக்கு மாநிலங்களின் ஓடைக்கரைகளிலும் ஈரமான காட்டோரங்களிலும் வளர்வது. மொனார்டா ஃபிஸ்டுலோசா வெளிர் ஊதாப் பூ, புல்வெளிகளில் வளர்வது, வறட்சியைத் தாங்கும், குளிரையும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஈரம் நிற்கும் மண் என்றால் முன்னது, அடிக்கடி தண்ணீர் ஊற்ற நேரம் இல்லாத வீடு என்றால் பின்னது. இதை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். மணற்பாங்கான மண்ணுக்கு மொனார்டா பங்டாட்டா என்று புள்ளி போட்ட மஞ்சள் பூக்களோடு ஒன்று உண்டு, ஆனால் அது சில வருஷங்களில் தீர்ந்துபோகும். எலுமிச்சை வாசம் வீசும் சிட்ரியோடோரா ஒரே பருவத்துச் செடி, திரும்பி வராது. பீபாம் என்று பெயர் போட்டிருப்பதெல்லாம் பல்லாண்டுச் செடி அல்ல என்பதற்கு அதுவே சாட்சி, ஆகவே விதைப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதற்கு ஒரு நல்ல வரலாறும் இருக்கிறது. ஒண்டாரியோ ஏரியின் தென்கரையில், இன்றைய நியூயார்க் மாநிலத்தில் ஆஸ்வீகோ என்றொரு ஊர். ஃபிலடெல்ஃபியா பக்கத்து விவசாயியும் தாவர ஆர்வலருமான ஜான் பார்ட்ரம் 1743இல் அந்தப் பக்கம் பயணம் போனபோது இந்தச் சிவப்புச் செடியின் விதையைச் சேகரித்து, லண்டனில் இருந்த பீட்டர் காலின்சன் என்ற துணி வியாபாரிக்கு அனுப்பினார். காலின்சனுக்குச் செடி என்றால் உயிர், ஐரோப்பியத் தோட்டங்களுக்கு பீபாம் போனது இப்படித்தான். அந்தப் பகுதியின் பூர்வகுடி மக்கள் இதன் இலையில் கஷாயம் வைத்துக் குடித்து வந்தார்கள், அதனால் ஆஸ்வீகோ தேநீர் என்ற பெயரும் இதற்கு உண்டு. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய பிறகு, தேயிலையை ஒதுக்கிய குடியேற்றக்காரர்கள் அதற்குப் பதிலாகக் குடித்தவற்றில் இதுவும் ஒன்று.

இலையைக் கசக்கி முகர்ந்தால் நம் மூக்குக்கு உடனே பிடிபடும் வாசம் ஒன்று அதில் இருக்கிறது. ஓமத்துக்கு வாசம் தரும் தைமால் என்ற பொருள்தான், இதிலும் இருக்கிறது. குறிப்பாக ஊதாப் பூ இனத்தின் இலை கற்பூரவல்லிக்கும் ஓமத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அதைத் தேநீராகப் போடலாம்; கொதிக்கும் தண்ணீரில் ஏழெட்டு இலைகளைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்து, சில நிமிஷத்தில் வடிகட்டினால் போதும், அதற்கு மேல் ஊறினால் காரல் அதிகமாகும். எர்ல் கிரே தேநீரில் வரும் பெர்கமாட் வேறு, அது ஒரு ஆரஞ்சு வகைப் பழத்தோலின் எண்ணெய். வாசம் கொஞ்சம் ஒத்துப்போவதால் பீபாமையும் சிலர் அந்தப் பெயரில் அழைக்கிறார்கள், குழம்ப வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

ஆனால் நான் இதை எல்லோரையும் நடச் சொல்வது தேநீருக்காக அல்ல. ஜூலை மாதம் காலை ஒன்பது பத்து மணிக்கு ஒரு பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சின்னக் குழல் பூக்கள் சேர்ந்த கொத்து. அவை ஒரே நேரத்தில் மலர்வதில்லை, நடுவில் இருப்பவை முதலில் திறந்து, பிறகு அந்த மலர்ச்சி ஒவ்வொரு சுற்றாக ஓரத்துக்குப் போகும். கடைசியில் நடுவில் வெறும் கூடு இருக்க, விளிம்பில் மட்டும் வளையமாகப் பூ நிற்கும். ஒவ்வொரு குழலும் நீளமாக இருப்பதால் சாதாரணத் தேனீயின் நாக்கு சிவப்புப் பூவின் அடி வரை எட்டுவது கஷ்டம். பம்பிள்பீ என்கிற உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த குண்டுத் தேனீக்கு எட்டும். அது பூமேல் உட்கார்ந்ததும் தண்டே கொஞ்சம் தாழும், தலையைக் குழலுக்குள் நுழைக்கும்போது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள் அதன் நெற்றியில் உரசி மஞ்சள் தூளை அப்பிவிடும். மரத்துளைத் தேனீ, அதாவது கருவண்டு, அவ்வளவு பாடுபடாது. குழலின் பக்கவாட்டில் கீறி, மகரந்தத்தைத் தொடாமலேயே தேனை உறிஞ்சிவிட்டுப் போகும். செங்கழுத்துத் தேன்சிட்டு என்று சொல்லத்தக்க அந்த ஊர் ஹம்மிங்பேர்டுக்குச் சிவப்புப் பீபாம் மிகவும் பிடித்தமானது. பார்ப்பதற்கு ஹம்மிங்பேர்டு மாதிரியே இருந்து நம்மை ஏமாற்றும், கண்ணாடிச் சிறகு கொண்ட பகல்நேர அந்துப்பூச்சி ஒன்றும் வரும்.

இதில் காய்கறி போடுகிறவர்களுக்கு நேரடி லாபம் உண்டு. தக்காளியும் கத்தரியும் மகரந்தத்தை இறுக்கி மூடி வைத்திருக்கும். பூவைப் பிடித்து உடம்பை அதிரவைத்து உதிர்க்கத் தெரிந்தவை பம்பிள்பீ போன்ற சில தேனீக்கள்தான், வளர்ப்புத் தேனீக்கு அது வராது. காற்றிலும் காய் பிடிக்கும், இருந்தாலும் குண்டுத் தேனீ நடமாட்டம் உள்ள பாத்தியில் நன்றாகவே பிடிக்கும். கத்தரிப் பாத்தியில் இருந்து சில அடி தள்ளி நான்கைந்து பீபாம் தூர்கள் இருந்தால் அவை வந்து போக ஒரு காரணம் கிடைக்கிறது.

நடுவது சுலபம். விதையிலிருந்தும் வளர்க்கலாம், மேலாகத் தூவி லேசாக அழுத்தினால் போதும், வெளிச்சம் படவேண்டும் என்பதால் மண் மூடக்கூடாது. ஆனால் விதைச் செடி பெரும்பாலும் இரண்டாம் வருஷம்தான் பூக்கும், பெயர் வைத்த ரகங்களின் விதை தாய்ச்செடி மாதிரியே வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. தொடங்குகிறவர்கள் நர்சரியில் ஒரு தொட்டிச் செடி வாங்குவதே நல்லது. வசந்தத்தில் கடைசி உறைபனி போன பிறகு, அல்லது இலையுதிர் காலத்தில் மண் உறைவதற்கு ஆறு வாரமாவது இருக்கும்போது நடலாம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும்; வெயில் கடுமையான ஊர் என்றால் மாலை நிழல் கிடைத்தால் நல்லது. தொட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், கொஞ்சம் மக்கிய உரம், செடிக்குச் செடி 18 முதல் 24 அங்குலம். முதல் வருஷம் இந்த இடைவெளி வெறிச்சென்று இருக்கும், உடனே நடுவில் இன்னும் இரண்டு செடி வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள், அந்த இடத்தை அது தானே எடுத்துக்கொள்ளும். புதினாவுக்குப் பக்கத்தில் நடுவதும் வேண்டாம், இரண்டும் ஊர்ந்து பின்னிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. வேலியின் மூலையும் வேண்டாம், அங்கே காற்று ஓடாது.

காற்று என்றதும் சாம்பல் நோய்க்கு வந்துவிட்டோம். பீபாமை வேண்டாம் என்று பிடுங்கிப் போட்டவர்களில் பெரும்பாலோர் இதனால்தான் போட்டிருப்பார்கள். ஜூலை கடைசியில் அடி இலைகளில் திருநீறு பூசியது போல வெள்ளையாகப் படரும், பிறகு இலை மஞ்சளாகி உதிரும், தண்டு வெறுங்காலோடு நிற்கும். இது ஒரு பூஞ்சை. மற்றப் பூஞ்சைகள் மாதிரி இலை மேல் தண்ணீர் தேங்கினால்தான் வரும் என்றில்லை. காற்றில் ஈரப்பதம் இருக்க, மண் மட்டும் காய்ந்து வேர் தவிக்கும் சூழ்நிலைதான் இதற்குக் கொண்டாட்டம். வேர் மேலோட்டமானது என்று சொன்னேனே, அதன் விளைவு இதுதான். ஆகவே மருந்து தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது மழை இல்லாத வாரங்களில் ஒரு அங்குல மழைக்குச் சமமான தண்ணீரை, காலையில், இலை நனையாமல் அடியில் விடுவது. மேலே இரண்டு அங்குலத்துக்கு மரத்தூள் அல்லது காய்ந்த இலை போட்டு மண்ணின் ஈரத்தைக் காப்பது. மே மாதம் தண்டுகள் ஒரு அடி உயரம் வரும்போது மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு கிள்ளி எடுத்துவிட்டால் உள்ளே காற்று ஓடும், மிச்சம் நிற்பவை பலமாக வரும். தழைச்சத்து மிகுந்த உரம் வேண்டவே வேண்டாம், இலை கொழுகொழுவென்று வரும், நோயும் கூடவே வரும்.

ரகமும் பெரிய வித்தியாசம் செய்யும். சிகாகோ தாவரவியல் தோட்டம் பல ரகங்களை ஒரே இடத்தில் வளர்த்து, சாம்பல் நோயை எவை தாங்குகின்றன என்று சோதித்திருக்கிறது. ‘ஜேக்கப் கிளைன்’ என்ற உயரமான சிவப்பு ரகமும், கனடாவின் மனிடோபா மாகாணத்தில் மார்டன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ‘மார்ஷல்ஸ் டிலைட்’ என்ற ரோஸ் நிற ரகமும் நோயை நன்றாகத் தாங்கும் என்று பெயர் எடுத்தவை. ‘கேம்பிரிட்ஜ் ஸ்கார்லெட்’ பழைய, அழகான ரகம், ஆனால் சாம்பல் நோய் சுலபமாகப் பிடிக்கும். கண்ணைப் பறிக்கிறதே என்று அதை வாங்குவதைவிட ஜேக்கப் கிளைனை வாங்குங்கள்.

எல்லாம் செய்தும் வந்துவிட்டால் பதற வேண்டாம். இந்த நோய் செடியைக் கொல்வது அபூர்வம். பூத்து முடிந்ததும் நோய் பிடித்த தண்டுகளைத் தரையோடு வெட்டி, மக்கும் குப்பையில் சேர்க்காமல் அப்புறப்படுத்துங்கள், தண்ணீர் விட்டால் அடியில் சுத்தமான இலை துளிர்க்கும். பூசணி, வெள்ளரி இலையிலும் இதே மாதிரி வெள்ளை வரும், ஆனால் அது வேறு பூஞ்சை, பீபாமில் இருந்து தொற்றிக்கொண்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

நோய் இல்லாத தண்டுகளை இலையுதிர் காலத்தில் வெட்டாமல் விட்டுவிடுங்கள். வாடிய பூக்கொத்தில் இருக்கும் விதையைத் தேடிக் கோல்டுஃபிஞ்ச் குருவிகள் வரும். தண்டு உள்ளே கூடாக இருப்பதால் சில சின்னக் காட்டுத் தேனீக்கள் அதில் முட்டையிடும். வசந்தத்தில் தண்டை ஒரு அடி, ஒன்றரை அடி விட்டு மேலே மட்டும் வெட்டினால் அவற்றுக்கு வீடு தயார், புதுத் தளிர் வளர்ந்து அந்தக் குச்சிகளை மறைத்துவிடும். தொட்டியில் வளர்க்கிறவர்கள் குளிருக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், தொட்டி மண் நான்கு பக்கமும் உறைந்து வேர் போய்விடும் ஆபத்து உண்டு, ஆகவே வெப்பம் ஊட்டாத கராஜுக்குள் நகர்த்துங்கள். தொட்டிக்கு ‘பெட்டிட் டிலைட்’ போன்ற குட்டை ரகமே சரி.

இனி அந்த மூன்றாம் வருஷ மொட்டைக்கு வருவோம். ஏப்ரலில், தளிர்கள் இரண்டு மூன்று அங்குலம் வந்திருக்கும்போது தூரைச் சுற்றி மண்வெட்டியை இறக்கி மொத்தமாகத் தூக்குங்கள், ஆழம் இல்லாததால் பாய் மாதிரி கிளம்பி வரும். திருப்பிப் பார்த்தால் நடுவில் பழுப்பேறி முறியும் கட்டைகள், ஓரத்தில் வெள்ளை வேர்களோடு ஊதா பாய்ந்த குட்டித் தளிர்கள். நடுக்கட்டையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், அதில் இனி ஒன்றும் இல்லை. ஓரத்தை, ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து தளிரும் அதற்கு வேண்டிய வேரும் இருக்கும்படி துண்டுகளாக வெட்டுங்கள், கூர்மையான கத்தி போதும். பழைய இடத்து மண்ணில் மக்கிய உரம் கலந்து அங்கேயே சிலதை நடலாம், மிச்சத்தை வேறு இடத்தில் நடலாம். அதே ஆழம், அதே இடைவெளி, முதல் இரண்டு வாரம் மண் காயாமல் தண்ணீர். நல்ல ஒரு தூரில் இருந்து எளிதாக ஆறேழு துண்டு தேறும், அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் ஒன்றிரண்டு நாள் தாங்கும், கூடவே ரகத்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். வசந்தத்தில் பிரித்த துண்டுகள் பெரும்பாலும் அந்தக் கோடையிலேயே கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குட்டையாகப் பூக்கும். அடுத்த பிரிப்பு இரண்டு மூன்று வருஷம் கழித்து.